ஓநாயின் முன்கால்களுக்கிடையே

ஏவ்ரில் தேர்ட்டில் என்பவள் சுரண்டிக்கொண்டிருந்த பந்து அந்தத் திங்கட்கிழமை முற்பகலில் கண் திறந்தது.

சுரண்டியின் முனையில் சிவப்பு வண்ணம் ஆப்பிள் தோல்போல் சுருண்டு விழுந்தது. சிவப்பின் கீழே மங்கிய பொன் தெரிந்தது. பொன்னின் கீழே, மரத்தின் உடம்பில், வாதுமைக் கொட்டை வடிவில் ஓர் ஆழ்ந்த வெட்டு. வெட்டின் மேல்விளிம்பில் மெல்லிய மடிப்பு ஒன்று ஓடியது. கைவிரலால் தடவிப் பார்த்தாள். மரம் தானாக வெடித்தால் இமை வராது.

அது ஆங்கில நாட்டுப்புறமான நார்ஃபோக்கில், மார்ல்ஹம் ஊரின் ஊர்ப்பலகை. குளக்கரையில், சக்கிமுக்கிக் கல் பதித்த பீடத்தின் மேல், கம்பத்தின் உச்சியில் நிற்பது. அரசியார் முடிசூடிய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்றில் ஓக் மரத்தில் செதுக்கி நிறுத்தியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை இறக்கி ஏவ்ரிலின் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். கடைப்பலகைகளுக்கு எழுத்தெழுதிப் பிழைத்தவள் அவள். அவளைவிட்டால் அந்த ஊரில் தூரிகை பிடிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. எழுபதாம் ஆண்டில் முதன்முறை வண்ணம் தீட்டினாள். எண்பத்திரண்டில் அதன்மேல் இன்னொரு பூச்சு. இப்போது தொண்ணூற்று நான்கில் மூலையில் ஈரம் ஏறிவிட்டதால், முதன்முறையாக மரம் தெரியும்வரை சுரண்ட நேர்ந்தது.

பலகையில் இருந்தது ஒரு நாய். பழுப்பும் வெள்ளையுமாக, கழுத்துப்பட்டையோடு, முன்கால்களுக்கிடையே ஒரு சிவப்புப் பந்தை வைத்துக்கொண்டு படுத்திருந்த நாய். எழுபதில் வெயிலும் உப்புக்காற்றும் தின்று மழுங்கிய ஒரு விலங்கைப் பார்த்து, நாயென்று துணிந்து, பந்தென்று துணிந்து தீட்டியவள் அவளே. அன்று அவளுக்கு முப்பத்தொரு வயது. பலகை ஏறிப் பதினேழு ஆண்டுகளில் உச்சியில் இருந்தது என்னவென்று ஊரில் யாருக்கும் நினைவில்லை; அவளுக்கும் ஐயமே எழவில்லை. அதே ஆண்டில் மார்ல்ஹம் நாய்க்காட்சி தொடங்கியது. ஆண்டுதோறும் சூன் மாதத்தில் நடக்கும் திருவிழா. ஊர் மன்றத்தின் கடிதத்தாளிலும், கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் சட்டையிலும், பள்ளிக்கூடக் கொடியிலும் அந்த நாயும் பந்தும் ஏறி உட்கார்ந்துகொண்டன. அடுத்த வாரச் சனிக்கிழமை இருபத்தைந்தாம் காட்சி. அதற்குள் பலகை கம்பத்தில் ஏற வேண்டும்.

அஞ்சலகக் கடைக்காரி நொரீன் டாக், பக்கத்து வீட்டுக்காரியும் தேவாலயப் பாடகர் குழுவில் பக்கத்து இருக்கைக்காரியும் ஆனவள், தேநீரோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"மரத்துல விழுந்த வெடிப்புடி."

"வெடிப்புக்கு இமை இருக்குமா?"

"சரி, கண்ணுன்னே வெச்சுக்கோ. கண்ணுள்ள பந்து. யாருக்குத் தெரியப்போவுது? சிவப்பு அடிச்சு மூடிட்டு வா, சாப்பிடலாம்."

"எனக்குத் தெரியுமே, நொரீன்."

"உனக்குத் தெரியறதை எல்லாம் ஊருக்குச் சொல்லணும்னு எந்த வேதத்துல இருக்கு?"

ஏவ்ரில் பழைய குறிப்பேட்டைத் திறந்து அவள்முன் வைத்தாள். ஊர் மன்றத்திலிருந்து இரவல் வாங்கியது. பலகையைச் செதுக்கியவர் அப்போதைய பள்ளித் தலைமையாசிரியர் அம்புரோஸ் கேட்ச்போல். ஊரின் பழங்கதை ஒன்றைச் செதுக்கினார் என்பதற்கு மேல் கதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. தம் வாழ்நாளில் நான்கு ஊர்ப்பலகைகள் செய்தார். ஒவ்வொரு கம்பத்தின் பின்புறமும் அடியில் ஒரு சிட்டுக்குருவியைக் கீறிவைப்பார். ஏனைய மூன்று எந்த ஊர்களில் என்று எழுதியவருக்கே தெரியவில்லை. ஆசிரியர் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை.

"அவர் ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்பச் செதுக்குற ஆளுன்னு எங்கப்பா சொல்வார். இன்னொன்னு எங்கேயாவது தேயாம இருந்தா, இது என்னன்னு தெரிஞ்சுபோகும். வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மன்றம் கூடுது. அதுக்குள்ள பாக்கணும்."

"ஃபோன் போட்டுக் கேளேன்."

"யாருக்கு? பலகை வெச்ச ஊரு நானூறுக்கு மேல இருக்கு. எவன் கம்பத்துக்குப் பின்னாடி முட்டி போட்டுப் பாத்திருப்பான்? கேட்ச்போல் சைக்கிள்ல போற மனுஷன். சனிக்கிழமை கிளம்பினா ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குத் திரும்பிடுவார். அப்ப அவர் பலகையெல்லாம் ஒருநாள் மிதிக்கிற தூரத்துலதான் இருக்கணும்."

"லார்ட்டர் உன்னைக் கொன்னுபோடுவான்."

மன்றத் தலைவர் டெஸ்மண்ட் லார்ட்டர் நாய்க்காட்சியைத் தொடங்கியவர், வேட்டைநாய் வளர்ப்பவர். குளத்தில் மூழ்கிப்போன ஒரு குழந்தையின் பந்தை, குழந்தை திரும்பி வருமென்று சாகும்வரை காத்துக்கிடந்த போசன் என்ற நாயின் கதையை ஆண்டுதோறும் பலகையின் கீழ் நின்று சொல்வார். கேட்டுக் கண்ணீர் விடாத பெண்கள் அந்த ஊரில் இல்லை. ஏவ்ரிலும் விட்டிருக்கிறாள்.

"கண்ணு மாதிரி ஒண்ணு தெரியுதுன்னு சொன்னா சிரிப்பான். கண்ணால பாத்துட்டு வந்து சொன்னா சிரிக்க மாட்டான்," என்றாள் ஏவ்ரில். "நீ வரியா, கடைக்கு ஆள் இல்லையா?"

"கடையை எம் புருஷன் பாத்துக்குவான். நீ தனியாப் போயி எங்கயாவது பள்ளத்துல கிடந்தா, ஞாயித்துக்கிழமை மேல்குரல் பாட ஆள் வேணுமே."

கார் ஓட்டத் தெரியாத இருவரும் செவ்வாய் விடியலில் மிதிவண்டியேறி வடக்கே மிதித்தார்கள். கடலிலிருந்து வந்த எதிர்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. வாற்கோதுமைப் பயிர் இருமருங்கிலும் அலையலையாய்ச் சாய்ந்து நிமிர்ந்தது. வரப்போரங்களில் செம்மலர்கள் சிதறிக் கிடந்தன. வானம்பாடி ஒன்று கண்ணுக்கெட்டாத உயரத்தில் நின்று ஓயாமல் பாடியது. ஊர்தோறும் நடுவில் ஒரு பலகை அவர்களை எதிர்கொண்டது. ஓர் ஊரில் இரட்டைக் குதிரை பூட்டிய உழவன். ஓர் ஊரில் விலாங்குக் கூடையோடு நின்ற கிழவன். ஓர் ஊரில் போர்க்காலத்து விமானம் ஒன்று தேவாலயக் கோபுரத்தை உரசிப் பறந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஏவ்ரில் முழந்தாளிட்டாள்; புல்லை விலக்கினாள்; எழுந்து தலையசைத்தாள்.

"மறுபடியும் காத்தாடி ஆலை!" என்று நொரீன் அலறினாள். "ஏழாவது ஆலைடி இது. இந்த நாட்டுல வேற எதுவுமே நடக்கலையா?"

"அடுத்த ஊருல கடத்தல்காரன் இருக்கான்."

"நிஜமாவா? உயிரோடயா?"

"மரத்துல."

"என் அதிர்ஷ்டம் அப்படி."

அன்று பதினொரு பலகைகள். புதன்கிழமை மேற்கே பதினான்கு. பதின்மூன்றாம் பலகையில் குருவி இருந்தது. ஏவ்ரில் துள்ளி எழுந்தாள். நிமிர்ந்து பார்த்தால், பலகையில் மூன்று கன்னியாஸ்திரீகள் ஓர் அன்னத்துக்கு உணவிட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்ச்போலின் கைதான், ஆனால் அவள் தேடிவந்த கதை அதுவன்று. திரும்பும் வழியில் நொரீனின் பின்சக்கரம் பஞ்சரானது. மழையில், ஒரு பீட்ரூட் வயலின் வாயிலில் அமர்ந்து ஒட்டுப்போட்டார்கள். பாலாடைக்கட்டியும் ஊறுகாயும் வைத்த ரொட்டி நனைந்து கூழாயிற்று. ஏவ்ரிலின் வலது முழங்கால் வீங்கியிருந்தது.

"நாளைக்கு வேணாம்டி," என்றாள் நொரீன், முதன்முறையாகக் கேலியின்றி. "உன் காலைப் பாரு. நீ செஞ்சது தப்பே ஆனாலும், தெரியாமச் செஞ்சதுதானே?"

"எழுவதுல தெரியாமச் செஞ்சேன். நாளைக்குச் சிவப்பு அடிச்சா தெரிஞ்சே செய்றேன். நாளைக்குத் தெக்கே போறோம்."

வியாழன் நண்பகலில் ஆஷ்விக் என்ற சிற்றூரை அடைந்தார்கள். தேவாலயத்தின் எதிரே, புல்திடலில், ஒரு கம்பம் மட்டும் நின்றது. உச்சியில் பலகை இல்லை. நொரீன் மிதிவண்டியைப் புல்லில் சாய்த்துவிட்டுத் தானும் சாய்ந்தாள். ஏவ்ரில் வழக்கம்போல் முழந்தாளிட்டாள். பாசியை நகத்தால் சுரண்டினாள். வால் தூக்கி நின்றது குருவி.

கோயில் காப்பாளர் கெரிட்ஜின் வீடு அடுத்த வேலிக்குள் இருந்தது. எண்பதைத் தொட்ட மனிதர். கழுத்தில் கைத்துணியோடு கதவைத் திறந்தார்.

"பலகையா? எம்பத்தேழு புயல்ல விழுந்துச்சு. கீழ விழுந்தும் கீறல் இல்லை. பழையபடி வைக்கணும்னு பாதிப் பேரு, புதுசு வைக்கணும்னு பாதிப் பேரு. ஏழு வருஷமாப் பேசிக்கிட்டிருக்கோம். மணிக்கூண்டுக்குள்ள கெடக்கு."

"பாக்கலாமா ஐயா?"

"ஞாயித்துக்கிழமை வாங்க."

"இன்னிக்குப் பாத்தாகணும். மார்ல்ஹம்லேருந்து வர்றோம். இருபத்தாறு மைல். ஏழு மணிக்குத் திரும்பி அங்க நிக்கணும்."

கெரிட்ஜ் அவள் முழங்காலைப் பார்த்தார். "சைக்கிள்லயா? பைத்தியமா உங்களுக்கு?"

"எனக்கில்லை. அவளுக்கு," என்றாள் நொரீன். "நான் கூட வந்தவ."

"நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"காத்திருக்கோம்," என்று ஏவ்ரில் வாயிற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் மறுபடி திறந்தது. ஒரு கையில் சாவியும், மறு கையில் கடித்த பன்றியிறைச்சிப் பலகாரமுமாக அவர் நின்றார். "வாசல்ல ஆள் உக்காந்திருந்தா தொண்டையில எறங்குமா?"

மணிக்கூண்டின் உள்ளே குளிர்ந்த இருட்டு. பலகை சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. மூவருமாகத் திருப்பினார்கள். கெரிட்ஜ் கதவை அகலத் திறக்க, உச்சிப்பகலின் ஒளி உள்ளே வந்து பலகையின்மேல் விழுந்தது.

படுத்திருந்தது ஓநாய். நீண்ட முகம், நிமிர்ந்த செவிகள், பிடரியில் சிலிர்த்த மயிர். அதன் முன்கால்களுக்கிடையே, தாய் குழந்தையை அணைத்ததுபோல் அணைத்துக் கிடந்தது ஒரு மனிதத் தலை. முடிசூடிய தலை. கண்கள் திறந்திருந்தன. வாயும் திறந்திருந்தது.

"எட்மண்ட் ராஜா," என்றாள் நொரீன் மெல்ல.

அந்தக் கிழக்குக் கரையோரத்தில் பிறந்தவர்க்கு அந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், தம் கடவுளை மறுக்க மாட்டேன் என்ற அரசரைக் கடல்வழி படையெடுத்து வந்த டேனியர்கள் மரத்தில் கட்டி அம்பெய்து, தலையைக் கொய்து காட்டில் எறிந்தார்கள். குடிமக்கள் தேடிப் போனார்கள். 'எங்கே இருக்கிறீர்?' என்று அவர்கள் காடெல்லாம் கூவ, கொய்யப்பட்ட தலை விடை தந்தது: 'இங்கே, இங்கே, இங்கே.' குரலைத் தொடர்ந்து சென்றவர்கள், பசித்த ஓநாய் ஒன்று அதைத் தின்னாமல் காத்துக்கிடந்ததைக் கண்டார்கள்.

"எங்க ஊருல ஒரு ராத்திரி, உங்க ஊருல ஒரு ராத்திரி தலையை வெச்சிருந்து அடக்கத்துக்கு எடுத்துட்டுப் போனாங்கன்னு எங்க பெரியவங்க சொல்வாங்க," என்றார் கெரிட்ஜ். "அதான் ரெண்டு ஊருக்கும் ஒரே பலகை."

ஏவ்ரில் அந்தத் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபதின் ஒரு மாலைப்பொழுது நினைவில் வந்து நின்றது. பந்தின் நடுவில் ஒரு பிளவு இருந்தது. மழைநீர் இறங்கி மரம் உளுத்துவிடுமே என்று மரத்தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி மக்கு அடைத்தாள். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினாள். தன் வேலையின் நேர்த்தியை எண்ணி அன்று மகிழ்ந்துங்கூட இருந்தாள்.

"நொரீன், அவர் வாயை நான் அடைச்சுட்டேன்."

நொரீன் அவள் தோளில் கைவைத்தாள்.

கோயிற்பொருட்கள் வைக்கும் அறையிலிருந்து பூ அலங்கார முறைப்பட்டியலின் பழைய தாள்களும், அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டும் கெரிட்ஜ் கொண்டுவந்தார். தாளைப் பலகைமேல் விரித்து ஏவ்ரில் கரியைத் தேய்த்தாள். காது எழுந்தது, முடி எழுந்தது, கண் எழுந்தது. வாய் மட்டும் வெள்ளையாய் நின்றது. புறப்படும்போது மணி இரண்டரை.

திரும்பும் வழியில் காற்று மீண்டும் எதிரே வந்தது. நார்ஃபோக் தட்டை நிலமென்று சொன்னவன் எவனோ அவனை நொரீன் ஒவ்வொரு மேட்டிலும் பெயரில்லாமல் திட்டினாள். ஏவ்ரில் ஒற்றைக்காலின் வலுவில் மிதித்தாள். மேடுகளில் இறங்கித் தள்ளினாள். பேருந்து நிறுத்தம் ஒன்றில் நொரீன் நின்று கெஞ்சிப் பார்த்தாள். பேருந்து செவ்வாய்க்கிழமைகளில் மட்டுமே வருமென்று அட்டவணை சொன்னது. மார்ல்ஹம் ஊர்க்கூடத்தின் சுவரில் மிதிவண்டியைச் சாய்த்தபோது ஏழரை மணி.

உள்ளே, மன்றத்து உறுப்பினர் ஏழு பேரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். டெஸ்மண்ட் லார்ட்டர் காட்சிக் கூடாரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கரிபடிந்த முகத்தோடு நொண்டிக்கொண்டு உள்ளே வந்தவளைக் கண்டு பேச்சு நின்றது.

"ஏவ்ரில், நிலக்கரிச் சுரங்கத்துல வேலை கெடைச்சுதா?"

சிரிப்பு எழுந்தது. ஏவ்ரில் தாளை மேசைமேல் விரித்தாள். நின்றபடியே, கண், குருவி, ஆஷ்விக், மக்கு என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். "நாய் இல்லை, ஓநாய். பந்து இல்லை, எட்மண்ட் ராஜாவோட தலை. தப்பு என்னுது, வேற யாருடையதும் இல்லை. அதைத் திருத்தித் தீட்ட உங்க அனுமதி வேணும்."

ஏழு பேரும் தாளின்மேல் குனிந்தார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

"கோப்பைகள்ல எல்லாம் நாய் பொறிச்சாச்சே!"

"பத்து நாள்ல காட்சி. வெட்டின தலைக்குக் கீழ வெச்சு நாய்க்குட்டிக்குப் பரிசு குடுக்கறதா?"

"ராஜா நம்ம ஊருக்கு வந்தாருன்னா அது பெருமைதானே?"

"முழுசா வரலையே!"

லார்ட்டர் மேசையைத் தட்டினார். அவர் முகம் சிவந்திருந்தது. "பலகைக்கு ரெண்டு பக்கம் இருக்கு. ஒரு பக்கம் நாய், ஒரு பக்கம் ராஜா. முடிஞ்சுது."

"கேட்ச்போல் ரெண்டு பக்கமும் ஒண்ணைத்தான் செதுக்கியிருக்கார்," என்றாள் ஏவ்ரில். "ஒரு பக்கம் பேச விட்டு, ஒரு பக்கம் வாயைப் பொத்தி வைக்க நான் மாட்டேன். நாய்தான் வேணும்னா வேற ஆளை வெச்சுத் தீட்டிக்குங்க. ஆனா யார் வந்து கேட்டாலும், அந்த நாய் என் தப்புன்னு நான் சொல்லுவேன்."

"மிரட்டுறியா?"

"இல்லை டெஸ்மண்ட். முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்."

வாக்கெடுத்தார்கள். ஓநாய்க்கு மூன்று கை. நாய்க்கு மூன்று கை. இரண்டும் சமமானால் தலைவர் வாக்கே முடிவு. எல்லாக் கண்களும் லார்ட்டர்மேல் திரும்பின. வாயிலில் நின்ற நொரீன், "போச்சு," என்று காற்றிடம் சொன்னாள்.

லார்ட்டர் கரித்தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ஓநாயின் முகத்தைப் பார்த்தார். ஐம்பது ஆண்டுகள் நாய்களைப் பார்த்த கண்கள் அவை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"போசன்னு ஒரு நாய் இருந்ததே இல்லை," என்றார்.

"என்னது?"

"முதல் காட்சியில பத்திரிகைக்காரன் ஒருத்தன் வந்து, இந்த நாய் என்னன்னு கேட்டான். எனக்குத் தெரியலை. பீர்க் கூடாரத்துல நின்னுக்கிட்டிருந்தேன், மூணாவது கோப்பை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மறுநாள் அச்சுல வந்துடுச்சு. அதுக்கப்புறம் எப்படி இல்லைன்னு சொல்றது? ஒவ்வொரு வருஷமும் நீங்க அழுதீங்க. போன வருஷம் நானே அழுதேன்." அவர் ஏவ்ரிலை நிமிர்ந்து பார்த்தார். "நீயாவது தெரியாமச் செஞ்சே."

கூடத்தில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

"அப்படின்னா குளத்துல குழந்தை?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கும். பொறக்கவே இல்லையே." லார்ட்டர் பேனாவை எடுத்தார். "தலைவர் வாக்கு ஓநாய்க்கு. காட்சி நடக்கும். நாய்க்கும் ஓநாய்க்கும் அப்படியொண்ணும் தூரமில்லை. அடுத்த பொருள், குளத்து மதகு."

ஏவ்ரில் மதகுக்குக் காத்திருக்கவில்லை. சூன் மாதத்து மாலைவெளிச்சம் கொட்டகைச் சன்னலில் இன்னும் மிகுந்திருந்தது. பலகையைச் சன்னலோரம் சாய்த்து, நுண்ணுளியைத் தீட்டி, பந்தாயிருந்த அந்த முகத்தின் நடுவில் மெல்ல வைத்துத் தட்டினாள். இருபத்துநான்கு ஆண்டு இறுகிய மக்கு கல்லாயிருந்தது. ஒரு சிம்பு பெயர்ந்தது; இன்னொரு சிம்பு.

கதவோரம் நிழல் விழுந்தது. லார்ட்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மதகு முடிஞ்சுதா?"

"ஒத்திவெச்சாச்சு. நான் பாக்கலாமா?"

"உள்ள வா. வெளிச்சத்தை மறைக்காத."

அவர் சுவரோரம் ஒதுங்கி நின்றார். உளி தட்டும் ஓசையைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏவ்ரில், அன்னிக்கு நான் என்ன பேசறது? எனக்குப் பந்துக்கதைதான் மனப்பாடம்."

"இதைப் பேசு. தேடிப் போனவங்களைப் பேசு. கூப்பிட்டா பதில் வந்துச்சுன்னு சொல்லு."

"அழுவாங்களா?"

"தெரியாது. எனக்குப் பத்து நாள்ல நாலு பூச்சு காயணும், டெஸ்மண்ட். அந்தத் தூரிகையை எடுத்து இந்தத் தூசைத் தட்டு."

லார்ட்டர் தொப்பியைத் தரையில் வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்தார். பெரிய விரல்களால் அதைப் பேனாபோல் பிடித்து, அரசரின் உதட்டோரத்துத் தூளை மிகுந்த கவனத்தோடு துடைத்தார். ஏவ்ரில் உளியை இன்னும் ஆழத்தில் வைத்தாள்.